வெயிலு மேல பழியப் போடாதலே

வெயிலு என்னய்யா செய்யும், பாவம். அது பாட்டுக்கு உதிக்கி, அது பாட்டுக்கு அடையுது. உங்க அப்பன் பொறக்கதுக்கு முந்தியே இந்தக் குதிரைமொழித் தேரிச் செம்மணல் மேல அது இப்படித்தான் காஞ்சுக்கிட்டு இருந்துது. பனை நிக்கி, வடலி நிக்கி, கொல்லாமரம் நிக்கி. ஒண்ணும் கொதிக்கல. பதினெட்டு லட்ச ரூவா வண்டி மட்டும் அரை மைலு வந்ததும் போனட்டு இடுக்குல ஆவி விட்டுக்கிட்டு நிக்கின்னா, வானத்தைப் பாத்து வஞ்சு என்னத்துக்கு எய்யா? ஆக்சிலேட்டர மிதிச்ச காலைக் கேளு, அது சொல்லும்.

"தாத்தா, சென்னை டிராபிக்ல ரெண்டு மணி நேரம் நின்னாலும் முள்ளு அசையாத வண்டி இது"ன்னு பெருமை பேசுதே. சரிதான். அது நிக்க வண்டி. நிக்க வண்டிக்கு என்ன சோலி இருக்கு? ஏசி ஓடும், பாட்டு ஓடும், நீ போனை நோண்டிக்கிட்டு இருப்பே. இங்கன அது நடக்க வேகத்துலதான் வந்துது. ஆனா நாலு சக்கரத்துக்கு முன்னாடியும் மணலைத் தள்ளிக்கிட்டே வந்துது. உள்ள உக்காந்திருக்க உனக்கு அது தெரியல. இஞ்சினுக்குத் தெரிஞ்சுட்டு.

நீ இஞ்சினியரிங் படிச்ச புள்ள. இருந்தாலும் கணக்கை நான் சொல்லுதேன், கேட்டுக்கோ. 100 ரூவாய்க்கு டீசல் ஊத்துதே. அதுல 35, மிஞ்சிப் போனா 40 ரூவாதான் உருப்படியான இழுவைக்குப் போவும். பெட்ரோல்னா அதைவிடக் கொறச்சல். மிச்சம் அம்புட்டும் சூடு. அதுல பாதிக்குப் பக்கம் சைலன்சர் வழியா ஓடிரும். மீதி இஞ்சின் மேலயே தங்கும். அந்தத் தங்குன சூட்டைத்தான் தண்ணி வாங்கிக்கிட்டு வந்து ரேடியேட்டர்ல காத்துக்கிட்ட ஒப்படைக்கணும். ரோட்டுல 80 கிலோமீட்டர்ல போவும்போ காத்து தானா வந்து மூஞ்சியில அடிக்கும், ஃபேனுக்கு பெருசா சோலி கிடையாது. தேரியில நீ போறது 8 கிலோமீட்டர். காத்து எங்கேருந்து வரும்? உங்க அம்மா வந்து விசிறி வீசுவாளா? ஃபேன் ஒண்ணுதான் கதி. சூடு கூடுதல், காத்து கொறச்சல். சங்கதி அம்புட்டுதான்.

வெயிலுக்கும் பங்கு உண்டு, இல்லேங்கல. ரேடியேட்டர் தண்ணி 95 டிகிரி, வெளிக்காத்து 40 டிகிரின்னா நடுவுல 55 டிகிரி வித்தியாசம். மார்கழியில காத்து 25 டிகிரின்னா வித்தியாசம் 70. வித்தியாசம் கொறஞ்சா சூடு இறங்குததும் கொறையும். அதனால சித்திரையில கூடுதலா பாத்துக்கிடணும். ஆனா மார்கழிக் கடைசியிலயும் இதே பாதையில கொதிக்க வச்ச சூரனுங்க உண்டு. அவனுவளும் உன்னைய மாதிரியே வானத்தைப் பாத்துதான் வஞ்சானுவ.

சரி, கீழ இறங்கு. செருப்பைக் கழட்டிராத, கால் வெந்துரும். அந்த டயர்கிட்ட வா.

இதுல எம்புட்டு காத்து வச்சிருக்கே? "33 பவுண்டு தாத்தா, கம்பெனி சொன்னது." கம்பெனிக்காரன் தார் ரோட்டுக்குச் சொன்னான். அவன் தேரியக் கண்டானா? இங்கன குனிஞ்சு பாரு. டயரு மண்ணைத் தொடுத இடம் ஒரு சாண் கூட இல்ல. அதுக்கு முன்னாடி மண்ணு குமிஞ்சு கிடக்கு பாத்தியா, நாலு விரக்கடை உசரத்துக்கு. உன் வண்டி உருண்டு வரல. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் குமியல் மேல ஏறி ஏறி வந்திருக்கு. ஏற ஏற முன்னாடி புதுசா ஒண்ணு குமியும். மேடே இல்லாத இடத்துல உன் இஞ்சின் நாள் முழுக்க மேடு ஏறுது. கொதிக்காம என்ன செய்யும்?

இப்ப வால்வு மூடியக் கழட்டு. ஒரு குச்சிய எடுத்து நடு ஊசிய அமுக்கு. ம்ம்… முகத்தைப் பாரு, ரேஷன் கடையில சீனி கொறச்சு அளந்தாப்ல. காத்துதான போவுது, காசா போவுது? இறங்கட்டும். 18 பவுண்டுக்கு வரட்டும். அளவு பாக்க கேஜ் வச்சிருக்கியா? வச்சிருக்க மாட்டே. முன்னாடி அம்பதாயிரத்துக்கு லைட்டு மாட்டத் தெரியும், முன்னூறு ரூவா கேஜ் வாங்கத் தெரியாது. இந்தா, என் ஜீப்புல கிடக்கு, எடுத்துக்கோ. இப்பப் பாரு, டயரு பக்கவாட்டுல கொஞ்சம் பிதுங்கி உக்காந்திருக்கு. மண்ணைத் தொடுத இடம் நீளமாயிட்டு. பாரம் பரவிட்டு. இனி மண்ணுக்குள்ள இறங்காது, மண்ணு மேல போவும். நான் இன்னும் உன் இஞ்சினையே தொடல. ஆனா உன் சூட்டுல பெரும் பங்கு இப்பவே கொறஞ்சிட்டு.

15 பவுண்டுக்குக் கீழ இறக்கிராத. அப்படி இறக்கிட்டு ஸ்டியரிங்க வெடுக்குன்னு ஒடிச்சேன்னா டயரு ரிம்மை விட்டுக் கழண்டுக்கிடும். அப்புறம் அந்தப் பனை மூட்டுல உக்காந்து நுங்கு தின்னுக்கிட்டு இருக்க வேண்டியதுதான். இன்னொண்ணு, தார் ரோட்டுல ஏறுததுக்கு முன்னாடி திரும்பக் காத்தை ஏத்திரணும். கொறஞ்ச காத்தோட திருச்செந்தூர் ரோட்டுல விரட்டுனா டயரு சூடேறி வெடிக்கும். பேட்டரியில மாட்டுத சின்ன கம்ப்ரசர் ஒண்ணு வாங்கி வண்டியில போட்டுக்கோ. அந்த ஸ்டிக்கர் ஒட்டுன காசுக்கே ஒண்ணு வாங்கியிருக்கலாம்.

அடுத்தது கியரு. நீ எந்தக் கியருல வந்தே? "தேர்டு தாத்தா. ஸ்மூத்தா வந்துச்சு." ஸ்மூத்தாவா! எனக்கு அந்தக் கோயில் மேட்டுக்கு அங்கிட்டு இருந்தே கேட்டுது, இஞ்சின் கடகடன்னு திணறுனது. இதை மனசுல வை: தண்ணியச் சுத்த விடுத பம்பு இஞ்சினோடதான் சுத்தும். பெல்ட்டுல ஓடுத ஃபேனும் இஞ்சினோடதான் சுத்தும். இஞ்சின் 1000, 1200 ஆர்.பி.எம்.ல திணறிக்கிட்டு இழுத்தா, சூடு நிறைய வரும். பம்பும் ஃபேனும் சோம்பிக் கிடக்கும். இதைவிட மோசமான சேர்மானம் கிடையாது. கியரை இறக்கு. இஞ்சினை 2000-க்குப் பக்கத்துல லேசா ஓட விடு. வண்டி மெதுவாப் போவட்டும், இஞ்சின் மெதுவாப் போவக் கூடாது.

அந்தச் சின்ன லீவரு எதுக்குக் குடுத்திருக்கான், கீ செயின் மாட்டவா? ஃபோர் லோ. மலை ஏறத்தான்னு எந்தக் கிறுக்கன் சொன்னான்? அதைப் போட்டா ஒவ்வொரு கியரும் ரெண்டு மடங்கு, ரெண்டரை மடங்கு இறங்கிரும். மணல்ல ஃபோர் லோவுல செகண்டு கியர் போட்டு வா, இஞ்சின் பாட்டுப் பாடிக்கிட்டு வரும். உன் கூட்டாளி வச்சிருக்கானே ஆட்டோமேட்டிக், அவனுக்கு இது இன்னும் முக்கியம். அந்த வண்டியில இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல எண்ணெய்தான் வேலை பாக்குது. மெதுவா, கனமா இழுக்கும்போ அந்த எண்ணெய் உள்ளயே அடிபட்டுச் சூடாவும். அந்தச் சூட்டையும் முன்னாடி கொண்டாந்து ரேடியேட்டர்கிட்டதான் தள்ளுவான். ஃபோர் லோ போட்டா அந்த அடிபடுதல் கொறையும். அவன் இப்போ டிரைவ்ல போட்டுட்டு ஸ்டைலா ஒத்தைக் கையில ஓட்டுதான். ஓட்டட்டும், ஓட்டட்டும். என் டிராக்டர் எங்கன நிக்கின்னு அவனுக்கு மட்டும் காட்டி வச்சிரு.

சக்கரம் சுத்துனா காலை எடு. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுட்டு. மாட்டுனதும் ரேஸ் பண்ணுதீய. புழுதி பறக்கு, கூட இருக்கவன் வீடியோ எடுக்கான், வண்டி ஆக்சில் வரைக்கும் இறங்குது. அந்த அஞ்சு நிமிசத்துல இஞ்சின் தாறுமாறாச் சூடு வாங்குது. வண்டி ஒரு அடி நகந்துதா? இல்ல. வீடியோவுக்கு லைக்கு விழுந்திருக்கும்.

வீடியோன்னு சொன்னதும் நினைப்பு வருது. முன்னாடி வா, உன் கிரில்லைப் பாப்போம்.

நடுவுல ஒரு பெரிய லைட்டு. அதுக்குக் கீழ ரெண்டு லைட்டு. வின்ச்சு. வின்ச்சுக்கு மேல ஒரு தகடு. தகட்டுல சிங்கம். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்துல ஒரு கொம்பு. பூச்சி வராம இருக்க ஒரு கொசுவலை வேற. ஏம்ல, காத்து எங்க வழியா வரணும்னு நினைச்சே? அந்தக் காலத்துல மகிந்திராக்காரன் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டாந்து பம்பாயில பூட்ட ஆரம்பிச்சப்போ அந்த வண்டிக்கு முன்னாடி வெறும் ஓட்டைதான். பட்டாளத்துக்காரன் அழகு பாத்தா ஓட்டை போட்டான்? சண்டைக்குப் போற வண்டி ஊர்ந்து போவணும், நின்னு போவணும், அப்பவும் ரேடியேட்டருக்குக் காத்து கிடைக்கணும்னு போட்டான். அந்த ஓட்டையத்தான் நீங்க இப்போ காசு குடுத்து அடைக்கீய. லைட்டை வேணும்னா மேல ஏத்து, இல்ல ஓரத்துக்கு ஒதுக்கு. சிங்கத்தைக் கழட்டி வீட்டு வாசல்ல மாட்டு, உங்க ஆச்சி சந்தோசப்படுவா.

கொசுவலையக் கழட்டிட்டியா? இப்போ உள்ள பாரு. முதல்ல தெரியுதது ரேடியேட்டர் இல்ல, ஏசியோட கண்டன்சர். ரேடியேட்டர் அதுக்குப் பின்னாடி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. இங்கன உள்ள சள்ளை எல்லாம் அந்த இடைவெளியிலதான் போய் உக்காரும். ஒட்டுப்புல்லு விதை, உடைமரத்துப் பூ, காஞ்ச கொல்லா இலைத் தூளு, அதுக்கு மேல இந்தச் செம்மண்ணு. இதுல எங்கேயாவது எண்ணெய் கசிஞ்சிருந்தா முடிஞ்சுது சோலி, தூசி அப்படியே பிடிச்சுக்கிடும். முன்னாடி இருந்து பாத்தா பளபளன்னு இருக்கும். ராத்திரி இஞ்சின் பக்கம் ஒருத்தன் டார்ச்ச அடிக்கட்டும், நீ முன்னாடி நின்னு பாரு. வெளிச்சம் வந்தா காத்தும் வரும். வெளிச்சம் வரலன்னா கழுவு. கழுவுதது எப்படி? சர்வீஸ் ஸ்டேஷன்ல துப்பாக்கி மாதிரி வச்சு அடிப்பானே, அது வேண்டாம். அந்த மெல்லிசுத் தகடு எல்லாம் மடங்கிப் படுத்துரும், அப்புறம் காத்து நுழையாது. வீட்டு ஓஸ் பைப்பு போதும். இஞ்சின் பக்கத்துல இருந்து முன்னாடிப் பாக்கத் தண்ணிய விடு. வந்த வழியாவே குப்பை வெளிய போவட்டும்.

ஃபேனையும் பாத்துரு. என் கிழட்டு எம்.எம். 540 ஜீப்புல பெல்ட்டு ஃபேன், அது இஞ்சினோடயே சுத்தும், அதுக்கு மூளை கிடையாது, அதனால கோளாறும் கொறச்சல். சில வண்டியில அதே ஃபேன் நடுவுல ஒரு உருண்டை இருக்கும், உள்ள பிசின் மாதிரி எண்ணெய். சூடானா கெட்டியா பிடிக்கும், குளுந்தா வழுக்கும். இஞ்சினை அமத்திட்டு, ஆறுன பொறவு அதைக் கையால சுத்திப் பாரு. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே சுத்தணும். தட்டுன உடனே காத்தாடியாச் சுத்துனா அது செத்துட்டு. தார் ரோட்டுல உனக்குத் தெரியாது, தேரியில தெரிஞ்சுரும். கரண்டு ஃபேன்னா வீட்டுல வச்சே வண்டிய நிறுத்தி ஓட விட்டு, அது எப்போ சுத்த ஆரம்பிக்குன்னு காதால கேட்டு வை. அதோட ஃபியூஸ் ஒண்ணு, ரிலே ஒண்ணு கூடுதலா டேஷ்போர்டுல கிடக்கட்டும். ஃபேனைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும் பாரு. உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போவுதுன்னு கழட்டி எறிஞ்சிருவானுவ. எறியக் கூடாது. அது இல்லேன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காது, சும்மா பக்கத்துக் காத்தையே கடைஞ்சுக்கிட்டு இருக்கும்.

இப்போ ஏசிக்கு வருவோம். நான் வரும்போ கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு உள்ள நாலு பேரு குளுகுளுன்னு இருந்தீய. கண்டன்சரு முன்னாடி நின்னுக்கிட்டு உங்க நாலு பேரு சூட்டையும் வாங்கி ரேடியேட்டர் மூஞ்சியில ஊதுது. அந்த ஏசிய ஓட்டுதது யாரு? அதே இஞ்சின். ஏசிய அமத்து. கண்ணாடிய இறக்கு. காசு குடுத்து தேரி பாக்க வந்தவனுக்குத் தேரிக்காத்து ஆவாதா?

முள்ளு மேல ஏறுனா இன்னும் ஒண்ணு செய்யணும். சொன்னா என்னையக் கோட்டிக்காரன்னு சொல்லுவே. ஹீட்டரைப் போடு. ஆமா, ஹீட்டரைத்தான். முழுசா திருகி, ஃபேனையும் முழுசா வை. இஞ்சின் தண்ணி போய் வருத ஒரு குட்டி ரேடியேட்டர் உன் டேஷ்போர்டுக்குள்ள சும்மா கிடக்கு. நம்ம ஊருல அதுக்குப் பிழைப்பே இல்ல. அதுக்கு வேலை குடுத்தா இஞ்சின் சூட்டுல கொஞ்சத்தை எடுத்து உன் முழங்கால்ல ஊதும். சித்திரை மத்தியானத்துல வேர்த்து ஒழுகும். ஒழுகட்டும். ஹெட்டு போனா பில்லைப் பாத்து அதைவிட ஒழுகும்.

தண்ணி. இதுல நம்ம ஊர்க்காரனும் சேத்தி, உன்னைய மட்டும் சொல்லல. ரேடியேட்டர்ல என்ன ஊத்தியிருக்கே? "கடையில தண்ணி விட்டாங்க." எந்தக் கடை, எந்தத் தண்ணி? உடன்குடிப் பக்கத்துக் கடலோரத் தண்ணியில குளிச்சா சோப்பே நுரைக்காது. அதை ரேடியேட்டர்ல விட்டா உள்ளுக்க உப்புக் கட்டும். ஊசித்துளை குழாய் ஒவ்வொண்ணா அடைஞ்சுரும். அடைஞ்ச இடத்தைத் தொட்டா ஆறிக் கிடக்கும், உள்ள தண்ணி ஓடாது. கூலன்ட்டு ஊத்து, பாதி கூலன்ட்டு, பாதி பேட்டரிக்கு ஊத்துத டிஸ்டில்டு வாட்டர். பச்சை, சிவப்பு, நீலம்னு கலர் கலரா விக்கான். அழகா இருக்குன்னு கலந்துராத, வண்டி புத்தகத்துல எது போட்டிருக்கோ அது. காட்டுல அவசரத்துக்கு எந்தத் தண்ணியும் தண்ணிதான், குடிக்கக் கொண்டாந்ததையே ஊத்து. ஊருக்கு வந்ததும் வடிச்சுட்டு மாத்திரு.

அதுக்கு மேல இருக்க மூடி வெறும் மூடி இல்ல. உங்க ஆச்சி குக்கர் வெயிட்டு இருக்கே, இதுவும் அதுதான். மூடி மேல 0.9, இல்ல 1.1-ன்னு எழுதியிருக்கும். அம்புட்டு அழுத்தத்தை உள்ள பிடிச்சு வைக்கும். பிடிச்சு வச்சா 100 டிகிரியில கொதிக்க வேண்டிய தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது, முன்னாடியே பொங்கிரும். நூத்துச் சொச்சம் ரூவா மூடிய மாத்தாம, ரேடியேட்டரையே மாத்துனவனும் இந்த ஊருல இருக்கான். சூடா இருக்கும்போ அந்த மூடியத் திருகுனா என்ன ஆவும்? அழுத்தம் போன நிமிசத்துல உள்ள இருக்க தண்ணி ஆவியோட பொங்கி மூஞ்சிக்கு வரும். தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடப்பே. மேல் ஓஸை அமுக்கிப் பாரு. கல்லா இருந்தா தொடாத. கையில பிடிக்க முடியுது, அமுங்கவும் செய்யுதுன்னா அப்புறம் ஒரு ஈரச்சாக்கைப் போட்டு மெதுவாத் திருகு. அதுக்கு அரை மணி நேரமோ, கூடுதலோ ஆவும். ஆவட்டும். வீட்டுல என்ன பொண்டாட்டியா காத்துக்கிட்டு இருக்கா உனக்கு?

முள்ளைப் பத்தியும் ஒரு சங்கதி சொல்லணும். புது வண்டி முள்ளு நடுவுல போய் நின்னா, தண்ணி 80 டிகிரியா 100 டிகிரியான்னு உனக்குச் சொல்லாது. சும்மா நடுவுலயே நிக்கும். நீ பயந்துரக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே அப்படி வச்சிருக்கான். அது நடுவை விட்டு மேல கிளம்புச்சுன்னா சங்கதி ஏற்கெனவே முத்திட்டு. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட்டுல சொருகுத சின்னப் பெட்டி விக்கான், போன்ல நெசமான டிகிரியக் காட்டும். இன்ஸ்டாகிராம் பாக்க போனுக்கு இதையும் ஒரு சோலியாக் குடு. இதைவிடக் கள்ளத்தனம் ஒண்ணு உண்டு: தண்ணி முச்சூடும் ஒழுகிட்டுன்னா, சூடு அளக்குத சென்சரு தண்ணியில இல்லாம காத்துல தொங்கும். அப்போ முள்ளு கீழ இறங்கும். "ஆறிட்டு தாத்தா"ன்னு நீ விரட்டுவே. அஞ்சு நிமிசத்துல இஞ்சின் இறுகி நிக்கும். முள்ளு சட்டுன்னு விழுந்தா சந்தோசப்படாத, இறங்கிப் போய் கீழ ஈரமாக் கிடக்கான்னு பாரு.

இனி, கொதிக்கப் போவுதுன்னு தெரிஞ்சா என்ன செய்யணும்? எல்லாரும் செய்யுதது, சாவியத் திருகி அமத்திருவான். கூடாது. அமத்துனா பம்பு நிக்கும், ஃபேன் நிக்கும், இரும்புல இருக்க சூடு அப்படியே நிக்க தண்ணியில இறங்கும். அமத்துன பொறவுதான் பொங்கும். நியூட்ரல்ல போட்டு, லேசா 1500-க்கு மிதிச்சுப் பிடி. வண்டி மூஞ்சிய காத்துக்கு நேரே திருப்பி நிறுத்து. ஆனி ஆடியில இங்கன மேக்காத்து அடிக்கும், இந்தத் தேரிய இங்கன கொண்டாந்து குமிச்சதே அந்தக் காத்துதான். மேக்க பாத்து நின்னா காத்து சும்மா கிடைக்கும். கிழக்க பாத்து மெதுவா ஓட்டுனா காத்து உன்கூடயே வரும், ரேடியேட்டர் மேல ஒண்ணும் அடிக்காது. போற வழியையே அதுக்குத் தக்கன பாத்துப் பிடிச்சிருக்கலாம். உனக்கு ரீல்ஸுக்கு வெளிச்சம்தான முக்கியம்.

ஆனா கேட்டுக்கோ: ஆவி பீச்சுது, தண்ணி ஒழுகுது, பெல்ட்டு அத்துட்டு, இல்ல முள்ளு சிவப்புக்கே போயிட்டு — இதுல ஒண்ணு நடந்தா உடனே அமத்து. அப்போ ஓட விடுதது இஞ்சினை அடுப்புல வைக்கதுதான். ஆறுததுக்கு முன்னாடி பச்சைத் தண்ணிய உள்ள விட்டுராத. இப்போ உள்ள ஹெட்டு எல்லாம் அலுமினியம், வளைஞ்சு போவும், வெடிக்கவும் செய்யும். வளைஞ்சா கேஸ்கட்டு அடிக்கும். அப்புறம் ஆயில் கம்பிய உருவிப் பாத்தா பால்காப்பி நிறத்துல வரும், சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வரும். அதைப் பாத்துட்டா மேற்கொண்டு ஓட்டாத, கட்டி இழு.

பட்டறையில ஒருத்தன் சொல்லுவான்: "தெர்மோஸ்டாட்டத் தூக்கி எறிஞ்சுட்டேன், இனி ஹீட் ஆவாது." அவன் பேச்சைக் கேக்காத. அது 85 டிகிரிக்குப் பக்கத்துல தண்ணிக்குக் கதவு திறக்குத சாமான். கெட்டுப் போனா புதுசு போடு. அது இல்லாம ஓட்டுனா இஞ்சின் உரிய சூட்டுக்கு வராது, டீசல் குடிக்கும், தேய்மானம் கூடும். அதுக்கு மேல உனக்குக் கொதிச்சது தெர்மோஸ்டாட்டால இல்ல, 33 பவுண்டு காத்தால. வியாதி ஒண்ணு, மருந்து வேறொண்ணு.

பாரத்தையும் கொறை. மேல கேரியர்ல கூடாரம், அடுப்பு, நாற்காலி, ஐஸ் பெட்டி. உள்ள நாலு தடியனுங்க. மேடு வரும்போ இறங்கி நடங்கல. நடந்தா தேரிய நல்லாப் பாக்கலாம். அந்தக் காலத்துல கட்டை வண்டிக்காரனே மேட்டுல இறங்கி நடப்பான், மாட்டுக்குப் பாவம் பாத்து. உன் இஞ்சினுக்கு வாய் இல்லேன்னு நீ ஏறி உக்காந்திருக்கே.

பாத்தியா, இம்புட்டும் உனக்கு ஓசியாச் சொல்லிட்டேன். இதுல எனக்குத்தான் நட்டம். சனி, ஞாயிறுல டிராக்டர் ஓடுதது உழவுக்குன்னா நினைச்சே? நெல்லா விளையுது இந்த மண்ணுல? சென்னைக்காரன், மதுரைக்காரன் வண்டிதான் விளையுது. உங்க ஆச்சி கேப்பா, "ஏன் அந்தப் புள்ளையளுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா"ன்னு. சொல்லிப் பாத்தேன். "ஓகே பெருசு"ன்னுட்டு ஏசியக் கூட்டி வச்சுக்கிட்டுப் போனான் ஒருத்தன். சாயங்காலம் வந்து "ஐயா"ன்னான். டிராக்டர் சங்கிலி பூட்டும்போது எல்லாரும் மரியாதை கத்துக்கிடுதானுவ.

கடைசியா ரெண்டு சங்கதி, அப்புறம் நான் பதனி குடிக்கப் போவணும், நேரமானா புளிச்சுரும். இந்தத் தேரியில காப்புக்காடும் இருக்கு. அனுமதி இல்லாம அதுக்குள்ள வண்டிய விட்டேன்னா ஃபாரஸ்ட்காரன் பிடிப்பான், நான் சாமீனுக்கு வர மாட்டேன். மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கதே அந்தச் செடிகொடிதான், அதை மிதிச்சு அரைச்சா மண்ணு பறந்து என் விளைக்குத்தான் வரும். நம்ம பனவிளைக்குள்ள, பாதை கிடக்க வரைக்கும் ஓட்டு, அதுக்கு நான் பொறுப்பு.

நாளைக்கு வாரதுன்னா வெள்ளென 6 மணிக்கு வா. பனி இறங்குன மண்ணு கொஞ்சம் இறுகிக் கிடக்கும், காத்தும் குளுமையா இருக்கும். 10 மணிக்குள்ள வெளிய வந்துரு. வண்டியில 10 லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் கூலன்ட்டு, ஒரு பெல்ட்டு, ரெண்டு ஓஸ் கிளாம்பு, காத்து கேஜ் இருக்கட்டும். அதுக்கு மேலயும் மாட்டுனா டிராக்டர் வாடகை 2000 ரூவா, பொழுது அடைஞ்சா 3000. பேரன்னு தள்ளுபடி கிடையாது. ரொக்கமாக் கொண்டா, தேரிக்குள்ள டவரு எடுக்காது, உன் ஜிபே இங்கன செல்லாது.